சாவி கொடுப்பதற்கு முன்

என் தகப்பனார் எழுதி வைத்துப்போன புத்தகங்கள் ஏழு எங்கள் வீட்டு மர அலமாரியில் இருக்கின்றன. புத்தகங்கள் என்றதும் வாசகர்கள் அவரைப் புலவர் என்று எண்ணிவிட வேண்டாம். பள்ளத்தூரில் ஒரு செட்டியார் வீட்டில் முப்பத்தோராண்டுகள் கார் ஓட்டியவர் அவர். நீளவாக்கில் தைத்துச் சிவப்புத் துணி ஒட்டிய கணக்கு நோட்டுகளில் வண்டியின் அன்றாடக் கதையை எழுதி வந்தார். புறப்பட்ட நேரம், போன ஊர், ஓடிய தூரம், போட்ட பெட்ரோல், ஊற்றிய எண்ணெய் என்று பத்தி பத்தியாகக் கோடு போட்டிருப்பார். கடைசிப் பத்திக்கு மட்டும் தலைப்பு இல்லை. பெரும்பாலான நாள்களில் அது வெறுமையாகவே இருக்கும். எப்போதாவது ஒரு வரி தென்படும். "ரேடியேட்டர் குழாய் கசிவு. காலையிலேயே பார்த்திருக்க வேண்டும். என் தவறு." இன்னொரு நாள்: "திருமயம் சாலையில் ஆடு குறுக்கே வந்தது. நான் வேகம். ஆட்டுக்காரருக்கு என் கையிலிருந்து முப்பது ரூபாய்."

தலைப்பில்லாத அந்தப் பத்தியைப் பற்றித்தான் இக்கட்டுரை.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள். முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக ஒரே வீடு நீண்டு கிடக்கும். தகப்பனார் வேலை பார்த்த வீட்டின் பின்புறக் கொட்டகையில் கறுப்பு அம்பாசிடர் ஒன்று நின்றது. 1981இல் எனக்குப் பதினேழு வயது. பள்ளிப் படிப்பு முடிந்து கல்லூரிக்குக் காத்திருந்த காலம். எப்படியாவது கார் ஓட்டப் பழகிவிட வேண்டும் என்ற ஆசை என்னைப் பிடித்து ஆட்டியது. கேட்டேன். "நாளைக்குக் காலையிலே அஞ்சு மணிக்கு வா" என்றார். ஐந்து மணிக்குப் போனேன். கையில் ஒரு வாளியைக் கொடுத்தார்.

முதல் மாதம் முழுவதும் கழுவித் துடைத்ததோடு சரி. சக்கரத்தின் உட்புறத்தில் ஒட்டிய செம்மண்ணைக்கூட விரல் விட்டுப் பார்ப்பார். இரண்டாம் மாதம் ரேடியேட்டரில் தண்ணீர், பாட்டரியின் ஒவ்வொரு அறையிலும் காய்ச்சி வடித்த நீர், டயரில் காற்று, எண்ணெய் அளவுக் கம்பியை உருவித் துடைத்து மீண்டும் செருகிப் பார்த்தல். மூன்றாம் மாதம் ஹேண்டில் போட்டுச் சுழற்றக் கற்றுக்கொடுத்தார். கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துத்தான் அந்த இரும்பைப் பிடிக்க வேண்டும். சுற்றிப் பிடித்தால், எஞ்சின் திருப்பி உதைக்கும்போது கை முறியும். அதைச் சொல்லிவிட்டுத் தம் இடக்கை மணிக்கட்டைக் காட்டினார். அது சற்றே கோணலாக இருந்தது. அத்தனை நாளும் நான் அதைக் கவனித்ததில்லை.

நான்காம் மாதம் முன்னிருக்கையில், அவருக்குப் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தது. அதுவும் சும்மா இல்லை. கானாடுகாத்தான் போய்த் திரும்பியதும் வினவுவார்: "வழியிலே என்ன பார்த்தே?" முதல் நாள் நான் ஊருணியையும் கோவிலையும் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். அவர் பார்த்தது வேறு. இடப்பக்கம் சைக்கிளில் போன கிழவர் பின்னால் திரும்பிப் பார்க்காமல் வளைகிறவர். டீக்கடை வாசலில் நின்ற பிள்ளையின் கையில் பந்து இருந்தது. குட்டி ஆடு சாலையைக் கடந்துவிட்டது, தாய் ஆடு இந்தப் பக்கமே நின்றது. "குட்டி போயிடுச்சுன்னு நீ அமுத்துவே. தாய் அதைத் தேடிக்கிட்டு உன் சக்கரத்துக்குள்ளே வரும்" என்றார். ஸ்டியரிங்கைத் தொட அவர் என்னை அனுமதித்தது எனக்குப் பதினெட்டு நிரம்பிப் பழகுநர் உரிமம் கைக்கு வந்த பிறகுதான்.

அந்தச் செட்டியார் எங்களைத் திண்ணையிலிருந்து பார்த்துச் சிரிப்பார். பன்னிரண்டு வயதில் ரங்கூனுக்குக் கப்பலேறியவர். 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது எல்லாவற்றையும் விட்டுத் திரும்பியவர். நகரத்தார் கடைகளில் சிறுவர்கள் முதலில் பெட்டியடிப் பையனாகத்தான் சேர்வார்கள். அவனுக்கு மேலே அடுத்தாள், அவருக்கு மேலே மேலாள், எல்லாருக்கும் மேலே முதலாளி. மூன்றாண்டுக்கு ஒரு கணக்கு என்று தவணை வைத்துப் போய் வருவார்கள். பெட்டியடிப் பையன் கடையைப் பெருக்குவான், தண்ணீர் பிடிப்பான், பெரியவர்களுக்குப் பாய் விரிப்பான். இரவில் அருகிலிருந்து அன்றைய குறிப்பும் பேரேடும் ஒத்துப்போவதைப் பார்ப்பான். ஒருநாள் செட்டியார் என்னிடம் சொன்னார்: "முதல் வருஷம் பெட்டியைத் துடைக்கத்தான் விட்டாங்க தம்பி. அப்புறம் குறிப்பு எழுத விட்டாங்க. பெட்டிச் சாவி என் கைக்கு வந்தன்னிக்கு எனக்குச் சந்தோஷமே இல்லை. பயமாத்தான் இருந்துச்சு. அந்தப் பயம் வர்ற வரைக்கும் எங்க மேலாள் சாவியைக் கொடுக்கலே."

அந்த வட்டித் தொழிலைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் கீழ்ப்பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழக் கால்பங்கு கடனுக்கு ஈடாகச் செட்டியார் கடைகளுக்குப் போனதும், அதனால் பர்மிய உழவர் பட்ட வேதனையும் வரலாற்றில் உள்ளவையே. பிள்ளைகளைப் பழக்கிய முறை ஒன்றைத்தான் சொல்ல வந்தேன். அவர்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. மகனுக்குத் திருமணமானதும் அதே வீட்டில் அவனை 'வேறு வைத்து'விடுவார்கள். கூரை ஒன்று, அடுப்பு வேறு, கணக்கு வேறு. ஆண்டுக்கு இவ்வளவு என்று அரிசியும் பணமும் அளந்து கொடுத்துவிட்டு, அதற்குள் குடும்பம் நடத்தச் சொல்வார்கள். தடுமாறினால் பக்கத்து அறையிலிருந்து தாயார் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் அவர் பானையிலிருந்து இவர்கள் பானைக்குச் சோறு வராது. சிறுவயதில் இதைக் கல்நெஞ்சம் என்று நினைத்திருக்கிறேன். பிள்ளை விழுந்தால் தூக்கும் தூரத்திலேயே நின்றுகொண்டு, அவன் தானே நடக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொள்வது எத்தகைய பாடு என்பது பின்னால்தான் புரிந்தது.

இத்தனையும் கண்ணாரக் கண்டு வளர்ந்த நான் என் மகனுக்குச் செய்தது என்ன?

2011இல் அவன் பதினோராம் வகுப்பில் சேர்ந்தான். காரைக்குடியில் தனிப்பயிற்சி. பேருந்துக்கு நின்று நேரம் போகிறது என்றான். உடன் படிப்பவர்கள் எல்லாம் வண்டியில் வருகிறார்கள் என்றான். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்த நான் வைப்புநிதியில் கடன் எடுத்து, என் பெயரில் நூறு சி.சி. மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினாறு வயதினர் கியர் இல்லாத, 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியைத்தான் உரிமம் பெற்று ஓட்டலாம். மற்றவற்றுக்குப் பதினெட்டு வயது நிரம்ப வேண்டும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. நாள் முழுதும் விதிகளைப் பார்த்துக் கையொப்பமிடுகிறவன் நான். 'ஊரில் எந்தப் பிள்ளை ஓட்டவில்லை?' என்ற ஒரு கேள்வியால் அந்த விதியை மூடி வைத்தேன். கடையிலிருந்து வண்டியை எடுத்து வந்த மாலையில் மாலை போட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டோம். சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தபோது அவன் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்து நானும் பூரித்தேன். செட்டியார் சொன்ன பயம் அந்த முகத்தில் இருக்கிறதா என்று நான் தேடவில்லை. வாளியையும் கொடுக்கவில்லை, நோட்டையும் கொடுக்கவில்லை.

2012 ஜூன் மாதத்தில் ஒரு மாலை, கோட்டையூர்ச் சாலையில், வேலை முடிந்து சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்த கொத்தனார் ஒருவர் மீது அவன் மோதிவிட்டான். அவருக்கு வலக்காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. மகனுக்கு முழங்கையில் சிராய்ப்பு.

அந்தக் கொத்தனார் சாதாரண வேலைக்காரர் அல்லர். பழைய வீடுகளின் சுவர்களுக்குச் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் கடுக்காய்ச் சாறும் சேர்த்துப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் மினுக்குகிற முட்டைப் பூச்சு வேலையில் கைதேர்ந்தவர். சுவரில் கையை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். அந்த வேலையைச் சாரத்தின் மீது மணிக்கணக்கில் நின்றுதான் செய்ய வேண்டும்.

நான் விரைந்து செயல்பட்டேன். அப்போது அதைத் திறமை என்றே எண்ணினேன். மருத்துவச் செலவு முழுவதையும் கட்டினேன். இருபதாயிரம் ரூபாயை உறையில் போட்டு அவர் மனைவியிடம் கொடுத்தேன். "பிள்ளையோட படிப்பு வீணாப் போயிடும், புகார் வேண்டாம்" என்று கும்பிட்டேன். கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்த அவர், "புள்ளை படிக்கட்டும் சார்" என்றார். வீட்டுக்குத் திரும்பி, எல்லாம் முடிந்துவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன் என்பதை இங்கே எழுதக் கை கூசுகிறது.

அவருடைய கால் கூடியது. சாரம் ஏறும் கால் மட்டும் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. பின்னாளில் அவரைச் சாலையில் கண்டால் நான் அடுத்த சந்தில் திரும்பிவிடுவேன். என் மகனோ அடுத்த மூன்றாண்டுகளில் இன்னும் இரண்டு முறை வண்டியைச் சிதைத்தான். பொறுப்பில்லாத பிள்ளை என்று உறவினரிடமெல்லாம் குறைப்பட்டுக்கொண்டேன். படிப்பு முடிந்து அவன் சிங்கப்பூருக்குப் போனபோது எனக்கு வருத்தத்தோடு சிறிது நிம்மதியும் இருந்தது.

மகளின் கதைக்கு வருகிறேன். அவள் மகனுக்கு எட்டாண்டு இளையவள். 2018இல் பழைய மாருதி ஆல்ட்டோ ஒன்றை வாங்கியிருந்தோம். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது வண்டி கொட்டகையில் தூங்கியது. அவளுக்கு அப்போது பதினேழு வயது. ஒருநாள், "எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுங்கப்பா" என்றாள்.

என் தகப்பனாரே எனக்குள் எழுந்து வந்துவிட்டார் போலிருந்தது. அலமாரியைத் திறந்து அந்தச் சிவப்பு நோட்டுகளை எடுத்து அவள் முன் வைத்தேன். ஓராண்டுக்குச் சாவி இல்லை. வாரம் இருமுறை கழுவ வேண்டும். காற்று, எண்ணெய், தண்ணீர் பார்க்க வேண்டும். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கண்டதைச் சொல்ல வேண்டும். நோட்டு எழுத வேண்டும். பெட்ரோல் செலவில் ஒரு பங்கு அவளுடையது. அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு தாழ்ந்த குரலில் வினவினாள்: "அண்ணனுக்கு இதெல்லாம் கேட்டீங்களாப்பா?"

பெண் பிள்ளை என்பதால் கூடுதல் கவனம் என்று ஏதோ தொடங்கினேன். அந்த வாக்கியம் என் வாயிலேயே செத்துப்போயிற்று. அவளுடைய தாயார் சமையற்கட்டு வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றுதான் கொத்தனாரைப் பற்றி மகளிடம் சொன்னேன். விபத்து நடந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. அண்ணன் வண்டியிலிருந்து விழுந்தான் என்று மட்டுமே சொல்லி வைத்திருந்தோம்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துக் கையில் ஏதோ குறிப்புகளோடு வந்தாள். பழகுநர் தேர்வுக்காகச் சட்டத்தைப் படிக்கத் தொடங்கியிருந்தாள். 2019 செப்டம்பர் முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தைக் காட்டினாள். வயது நிரம்பாத பிள்ளை குற்றமிழைத்தால், பெற்றோர் அல்லது வண்டிக்கு உரியவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு நீங்கும். அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடையாது. "இந்தச் சட்டம் அப்பவே இருந்திருந்தா நீங்க ஜெயில்லே இருந்திருப்பீங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டாள். "அந்தக் கொத்தனார் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கலாம் இல்லையா?"

போயிருக்கலாம். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்று ஒன்று உண்டு. மூன்றாம் நபருக்கான காப்பீடு ஒவ்வொரு வண்டிக்கும் கட்டாயம். ஓட்டியவரிடம் உரிமம் இல்லாத வழக்குகளிலும், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன. 2004இல் உச்ச நீதிமன்றம் ஸ்வரண் சிங் வழக்கில் இதை விரிவாகப் பேசியது. மருத்துவச் செலவு மட்டுமன்று, வேலை செய்ய முடியாமல் போன காலத்துக்கும், இனி ஈட்ட முடியாமல் போகும் கூலிக்கும் சேர்த்துக் கணக்கிட்டுத் தருவார்கள். நாற்பத்தைந்து வயதில் சாரத்தை இழந்த ஒரு கைவினைஞருக்கு அந்தக் கணக்கு எவ்வளவு வந்திருக்கும் என்று, கணக்கரான எனக்குப் போட்டுப் பார்க்கத் தெரியும். முதல் முறையாகப் போட்டுப் பார்த்தேன். நான் உறையில் வைத்த தொகையை அதன் பக்கத்தில் எழுத முடியவில்லை. புகார் வேண்டாம் என்று நான் கும்பிட்ட கும்பிடு அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்த வேறுபாட்டைத்தான்.

மகள் புது நோட்டு ஒன்றில் பத்திகளுக்குக் கோடு போட்டு வந்தாள். கடைசிப் பத்திக்கு அவளும் தலைப்பு எழுதவில்லை. "முதல் பக்கம் உங்களுதுப்பா" என்று நோட்டை என் பக்கம் தள்ளினாள். நாள், இடம், வண்டியின் எண், நடந்தது எல்லாம் எழுதினேன். கடைசிப் பத்தியில் என் தகப்பனாரின் இரண்டு சொற்களை எழுதுவதற்கு எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று.

அந்த ஓராண்டை விரித்துரைக்க வேண்டியதில்லை. வாளி, காற்று, எண்ணெய் எல்லாம் நடந்தன. ஆல்ட்டோவில் ஹேண்டில் இல்லை, கட்டை விரல் பாடமும் இல்லை. பக்கத்து இருக்கையில் அவள் என்னை வென்றாள். கோட்டையூர் வளைவில் பேருந்துக்குப் பின்னாலிருந்து பள்ளிப் பிள்ளைகள் ஓடிவருவார்கள் என்பதை எனக்கு முன்பே சொன்னாள். பதினெட்டு நிரம்பியதும் 2021இல் காரைக்குடியில் பழகுநர் உரிமம் எடுத்தாள். அந்த உரிமம் ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழித்தே ஓட்டுத் தேர்வுக்குப் போகலாம். உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், முன்னும் பின்னும் எல் பலகை மாட்ட வேண்டும். தேர்ச்சி பெற்றுவிட்டால் அன்றிரவே நண்பர்களை ஏற்றிக்கொண்டு இராமேசுவரத்துக்குப் போகலாம், சட்டம் தடுக்காது. வேறு நாடுகளில் அப்படியில்லை. நியூசிலாந்தில் 1987இல் தொடங்கிய முறைப்படி, பழகுநருக்கும் முழு உரிமத்துக்கும் நடுவே ஒரு படி இருக்கிறது. அந்தக் காலத்தில் இரவு பத்து மணிமுதல் காலை ஐந்து வரை தனியே ஓட்டக் கூடாது. துணைக்குத் தேர்ந்தவர் இல்லாமல் நண்பர்களை ஏற்றக் கூடாது. இளையோர் விபத்துகள் இரவிலும், ஒத்த வயதினர் கூடி ஏறும்போதும் மிகுவதை அறிந்தே இப்படி வகுத்தார்கள். பின்னர் அமெரிக்க மாநிலங்களும் இதைப் பின்பற்றின. பெருக்குதல், குறிப்பு, சாவி என்ற பெட்டியடிப் பையனின் படிகளை அதில் நான் கண்டேன். எங்கள் வீட்டிலும் ஆறு மாதத்துக்கு அந்த நடுப்படியை வைத்துக்கொண்டோம். மகள் முணுமுணுத்தாள், ஆயினும் உடன்பட்டாள்.

ஒரு நிகழ்ச்சியை மட்டும் சொல்ல வேண்டும். உரிமம் வந்த மூன்றாம் வாரம், நான் வீட்டில் இல்லாத நேரத்தில் வண்டியைக் கொட்டகைக்குத் திருப்பும்போது இடக்கதவைக் கல்தூணில் உரசிவிட்டாள். நான் திரும்பியபோது நோட்டு மேசை மேல் திறந்து கிடந்தது. "கண்ணாடியைப் பார்க்காமல் திருப்பினேன். என் தவறு." பட்டறையில் 2,800 ரூபாய் கேட்டார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து அவள் சேர்த்திருந்தது மூவாயிரத்துக்குச் சற்று மேல். அதை எடுத்து எண்ணத் தொடங்கினாள். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. "கையை எடுங்க" என்றாள் என் மனைவி. திருமணமாகி இருபத்தெட்டு ஆண்டுகளில் அவள் அந்தக் குரலில் என்னிடம் பேசியது அதுவே முதல் முறை. கையை எடுத்தேன். மகள் பணத்தை எண்ணிக் கட்டினாள். அவ்வளவுதான் செய்தி. ஆனால் அந்த ஐந்து நிமிடம் நான் பட்ட அவதி, உறை கொடுத்த நாளில்கூடப் படாதது.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் 9,528 பேர். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு தமிழ்நாடே முதலிடம். இந்த எண்களைப் படிக்கும்போதெல்லாம், இறவாமல் பிழைத்துச் சாரம் ஏற முடியாமல் போனவர்களை எந்தப் பத்தியில் எழுதுவார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த ஆண்டு இறுதியில் மகள், நோட்டின் முதல் பக்கத்தைப் படமெடுத்துச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. மறுநாள் இரவு மகன் தொலைபேசியில் அழைத்தான். கோபித்துக்கொள்வான் என்று எண்ணியிருந்தேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: "அப்பா, அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் வர்றேன்னு சொன்னேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கா? அவர் கால்லே விழுந்து மன்னிப்புக் கேக்கணும்னு சட்டையெல்லாம் மாத்திக்கிட்டு வாசல்லே நின்னேன். 'நீ பேசாம உள்ளே போ, நான் பாத்துக்குறேன்'னு சொல்லிட்டீங்க."

எனக்கு நினைவில்லை. எவ்வளவு முயன்றும் அந்தக் காட்சி வரவில்லை. அவன் வாசலில் நின்றதையே நான் பார்க்கவில்லை போலும். பதினேழு வயதுப் பிள்ளை தன் கணக்கைத் தானே எழுதுவதற்கு நோட்டைக் கேட்டு நின்றிருக்கிறான். நான் அதைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டு, பத்தாண்டுக் காலம் அவனைப் பொறுப்பற்றவன் என்று பேசித் திரிந்திருக்கிறேன். தொலைபேசியை வைத்த பிறகு, மனைவியிடம் கேட்டேன். "நின்னான்" என்றாள். "நீங்க போனதுக்கு அப்புறமும் ரொம்ப நேரம் நின்னான்."

2023 பொங்கலுக்கு அவன் விடுப்பில் வந்தான். மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் காலையில் அண்ணனும் தங்கையும் கொட்டகையில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். மகள் எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்தாள். அவன் டயரைக் காலால் தட்டிப் பார்த்தான். அவள் அவனைக் கடிந்துகொண்டு காற்றுமானியை எடுத்துக் கொடுத்தாள். கொத்தனார் வீட்டுக்கு என்று தெரிந்தது. நானும் வேட்டியை மாற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

மகன் என்னைப் பார்த்தான். "நீங்க இருங்கப்பா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "நாங்க போயிட்டு வர்றோம்."

திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். வண்டி தெருமுனையில் நின்று, இருபுறமும் பார்த்துத் திரும்பியது. ஒன்றரை மணி நேரம் சென்று வந்தார்கள். மகன் நேரே கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினான். கண்கள் சிவந்திருந்தன. ஆனால் அவன் நடையில் ஏதோ ஒன்று இலேசாகி இருந்தது. மகள் வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டுத் தாயாரிடம் காப்பி கேட்டாள். என்ன நடந்தது என்று இருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மாலையில் அவர்கள் பங்குக் கோவிலுக்குப் புறப்பட்ட பிறகு நோட்டைத் திறந்து பார்த்தேன். அன்றைய வரி மகனின் கையெழுத்தில் இருந்தது. அந்த நோட்டில் அவன் எழுதிய முதல் வரி. ஓட்டியது: தங்கை. உடன்: நான். போகவர 14 கிலோமீட்டர். வேலை என்ற இடத்தில், "கொத்தனார் ஐயா வீடு. இனி மாதாமாதம்" என்று எழுதியிருந்தான். எவ்வளவு என்று எழுதவில்லை. கடைசிப் பத்தியில் அதே இரண்டு சொற்கள். அதற்கு நேர் மேலே, முதல் பக்கத்தில் நான் எழுதியிருந்தவை தாளின் மறுபுறத்திலிருந்து மங்கலாகத் தெரிந்தன.